திண்ணை யாருடையது?

கொரோனாப் பெருந்தொற்றில் நம் பிள்ளைகள் இழந்த படிப்பைப் பற்றி மேடைதோறும் புலம்பினோம். எவ்வளவு இழந்தார்கள் என்று அளந்து பார்த்தவர்களோ மிகச் சிலர். அச்சிலருள் குறிப்பிடத்தக்கவர்கள் ஸ்டாக்ஹோம் பொருளியல் கல்லூரியின் அபிஜீத் சிங், மெக்சிகோவின் மௌரிசியோ ரொமேரோ, கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்துச் சான் டியேகோ வளாகப் பேராசிரியர் கார்த்திக் முரளிதரன் ஆகிய மூவர். தமிழ்நாட்டுக் கிராமங்களின் ஏறத்தாழ 19,000 குழந்தைகளைக் கொண்டு இவர்கள் செய்த ஆய்வு 2022இல் வெளிவந்தது. பொருளியலாருக்காக ஆங்கிலத்தில் எழுதப்பட்டதெனினும், பள்ளி நடத்துவோரும் பெற்றோரும் அறிந்திருக்க வேண்டிய ஆய்வு இது.

இதன் வலிமை ஒப்பீட்டில் இருக்கிறது. தொற்று வருமுன், 2019இலேயே, இக்கிராமங்களில் அளவெடுத்து வைத்திருந்தார்கள். அதனால் 2021 டிசம்பரில் ஒரு பிள்ளை நிற்கும் இடத்தை, அதே ஊரில் அதே வயதில் முன்பு இருந்த பிள்ளையின் இடத்தோடு ஒப்பிட முடிந்தது. கணக்கில் 0.73, மொழியில் 0.34 திட்டவிலக்கம் என்பது அவர்கள் கண்ட இழப்பு. திட்டவிலக்கம் என்னவென்று அறியாதவர்க்கும் ஒன்று விளங்கும்: மொழியிழப்பைப் போல் இருமடங்குக்கு மேல் கணக்கிழப்பு. இதில் வியப்பில்லை. மொழி வீட்டிலும் தெருவிலும் ஒலித்துக்கொண்டே இருந்தது. கடன்வாங்கிக் கழித்தலைச் சொல்லித்தரப் பள்ளியை விட்டால் ஏழைப் பிள்ளைக்கு வேறு யார் இருந்தார்கள்?

பள்ளிகள் திறந்து ஆறு மாதத்திற்குள் இழப்பின் மூன்றில் இரண்டு பங்கு ஈடுசெய்யப்பட்டது என்பது இரண்டாம் கண்டுபிடிப்பு. பின்தங்கிய வீட்டுப் பிள்ளைகளே மிகுதியாக இழந்தனர். அவர்களே விரைந்து மீண்டனர். இம்மீட்சியில் ஏறத்தாழ 24 விழுக்காடு ‘இல்லம் தேடிக் கல்வி’ மாலை வகுப்புகளால் விளைந்தது என்கிறது ஆய்வு. எளியவர் விரைந்து மீண்டதற்கும் அவ்வகுப்புகள் துணைநின்றிருக்கக்கூடும் என்று நிதானத்தோடு சொல்கிறார்கள். நிதானம் ஆய்வாளர்க்கு அழகு.

2021 அக்டோபரில் தமிழக அரசு தொடங்கிய அத்திட்டத்தில் ஊர்ப் பெண்களே பெரும்பாலும் தன்னார்வலர்கள். மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை. இத்தனை குறைந்த செலவில் இத்தனை பயனா என்று பொருளியலார் மகிழ்வது இயல்பே. அச்சிக்கனம், படித்தும் வேலையில்லாது வீட்டிலிருந்த ஒரு பெண்ணின் மாலைப்பொழுதிலிருந்து எடுக்கப்பட்டது என்பதையும் உடன் எழுதியிருக்க வேண்டாமா?

கடையத்துப் பக்கம் இத்தகைய வகுப்பொன்றை நான் கண்டிருக்கிறேன். 1918இன் இறுதியில் சிறையிலிருந்து விடுபட்ட பாரதி வந்து தங்கிய ஊர் என்றே கடையத்தைப் பலர் அறிவர். அவ்வட்டாரத்தின் மாலையை ஆள்வதோ பீடிச்சுளகு. திண்ணையின் ஒருபுறம் தாய்மார் மடியில் சுளகை வைத்து இலை சுருட்டிக்கொண்டிருக்க, மறுபுறம் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் ‘அக்கா, அக்கா’ என்று நோட்டை நீட்டிக்கொண்டிருந்தனர். பள்ளியில் வாய் திறவாத சிறுமி ஒருத்தி அங்கே சத்தமாக வாய்ப்பாடு சொன்னாள். தவறாகச் சொன்னாள், யாரும் சிரிக்கவில்லை. கணக்கு வந்ததால் அச்சம் போயிற்றா, அச்சம் போனதால் கணக்கு வந்ததா? ஆய்வின் எண்கள் இக்கேள்விக்கு விடை தருவதில்லை.

இன்னொன்றும் உண்டு. ஆய்வு கிராமத்தோடு கிராமத்தை ஒப்பிடுகிறது. நம் பக்கத்தில் கிராமம் என்பது தெருக்களின் தொகுதி. தெரு என்பது சாதி. அக்கா எந்தத் தெருவினர், திண்ணை யாருடையது, எந்தப் பிள்ளை அதில் ஏறி அமரலாம் என்பவற்றைக் கணக்குத்தாளின் மதிப்பெண் சொல்லாது. பிள்ளை கற்ற அளவை நுட்பமாக அளந்தவர்கள், பிள்ளை மதிக்கப்பட்ட அளவைத் தொடவில்லை என்பதே இவ்வாய்வின்மேல் என் குறை. பின்னது முன்னதற்கு அலங்காரமன்று.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் தலித் மாணவர் ஒருவர் உடன்பயின்ற மாணவர்களால் வீடு புகுந்து வெட்டப்பட்டார்; காக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டாள். வெட்டியவர்களும் எழுதப் படிக்கத் தெரிந்தவர்களே. அதன்பின் அமைக்கப்பட்ட ஓய்வுபெற்ற நீதியரசர் சந்துருவின் ஒருநபர் குழு, 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. பள்ளிப் பெயர்களில் சாதி வேண்டா, சாதி காட்டும் வண்ணக் கயிறுகள் மணிக்கட்டில் வேண்டா, மாணவரை அகரவரிசையில் அமர்த்துக என்பன அதன் பரிந்துரைகளுட் சில. பொருளியல் ஆய்வின் துல்லியம் இவ்வறிக்கையில் இல்லை. அவ்வாய்வு காணாத வகுப்பறை இதில் இருக்கிறது. இரண்டையும் அருகருகே வைத்துப் படித்தல் நலம்.

நம் மறைமாவட்டப் பள்ளிகளின் வாசலில் நூறு விழுக்காட்டுத் தேர்ச்சிப் பலகையைப் பெருமையுடன் மாட்டுகிறோம். நானும் அதன்முன் நின்று படமெடுத்துக்கொண்டவனே. கடைசிப் பெஞ்சில் யார் அமர்கிறார், ஏன் அங்கே அமர்கிறார் என்று பெற்றோர் கூட்டத்தில் நான் ஒருமுறையும் கேட்டதில்லை.

2019இல் அளவெடுக்கப்பட்ட சிறுவர் சிறுமியர் இன்று வளர்ந்திருப்பர். சிலர் மணிக்கட்டில் கயிறு கட்டும் வயதை எட்டியிருப்பர். ஆய்வாளர்கள் அவர்களிடம் மீண்டும் ஒருமுறை செல்வாராயின், கணக்குத்தாளோடு இன்னொரு தாளையும் எடுத்துச் செல்லட்டும். வகுப்பில் உன் பக்கத்தில் அமர்பவர் யார், அவர் வீட்டில் நீ தண்ணீர் குடித்திருக்கிறாயா என்ற இரண்டு கேள்விகள் அதில் இருந்தால் போதும்.