இரு கரைகளின் வரைபடம்

பழைய துறைமுகம் ஒன்றின் வரைபடத்தை முழுமையாக ரசிக்க விரும்புபவர், அத்துறைமுகத்துக்குச் சரக்கு அனுப்பிய உள்நாட்டின் வரைபடத்தையும் அதனருகே விரித்து வைத்துப் பார்க்க வேண்டும் என்பதற்குத் தூத்துக்குடி தக்க சான்றாகும். போர்த்துக்கீசியரிடமிருந்து 1658இல் டச்சுக்காரர் கைக்கும், பின்னர் 1825இல் முடிவாக ஆங்கிலேயர் கைக்கும் மாறிய அத்துறைமுகத்துக்கு ஏறக்குறைய நேர் வடக்கே அருப்புக்கோட்டையும், சற்றுக் கிழக்கே தள்ளித் திருச்சுழியும் அமைந்திருப்பதால், இந்திய நில அளவைத் துறையின் தாள் வரிசையில் வறண்ட கரிசல் நிலம் 58 கே என்ற தாளிலும், துறைமுகம் அதற்கு நேர் கீழே 58 எல் என்ற தாளிலும் இடம்பெறுகின்றன.

பால்டேயஸ் என்னும் டச்சுப் பாதிரியார் 1672இல் வெளியிட்ட நூலில் தூத்துக்குடி, கப்பலிலிருந்து காண்பவரின் கண்ணுக்குத் தெரியும் காட்சியாகவே தீட்டப்பட்டுள்ளது. பின்வந்த ஆங்கிலேயக் கடல் வரைபடங்களில் காட்சி மறைந்து, கடற்பரப்பெங்கும் எண்கள் நிறைகின்றன. ஒவ்வோர் எண்ணும் அவ்விடத்தின் ஆழத்தைப் பாகக் கணக்கில் தருகிறது. பாகம் என்பது இரு கைகளையும் விரித்த நீளம், அதாவது ஆறடி. கயிற்றில் கட்டிய ஈயக்குண்டைக் கடலில் இறக்கி ஆழம் பார்த்தவர்கள், குண்டின் அடிக்குழியில் கொழுப்பைப் பூசி, அதில் ஒட்டி வருவது மணலா சேறா என்பதையும் குறித்துக்கொண்டனர். இவ்வளவையும் செதுக்குபவர் செப்புத் தகட்டில் இடவலம் மாற்றிக் கீறினார். பிழை நேர்ந்தால் அல்லது கடல் மாறினால், தகட்டின் பின்புறத்தைச் சுத்தியலால் தட்டி மேடாக்கி, சமப்படுத்தி, அவ்விடத்தில் புதிய எண்ணைக் கீறினார். ஆழமற்ற அக்கடலில் பெருங்கப்பல்கள் கரையிலிருந்து பல மைல் தொலைவில் நங்கூரமிட, தோணிகளே சரக்கைக் கொண்டு சேர்த்தன என்பதைக் கரையோரத்துச் சிறிய எண்களே சொல்லிவிடுகின்றன.

வடக்குத் தாளில் எண்களின் இடத்தைக் கண்மாய்கள் எடுத்துக்கொள்கின்றன. ஒரு கண்மாயைக் கூர்ந்து நோக்கினால், அதன் ஒரு பக்கம் அழுத்தமான வில்போன்ற கோடாகவும், எதிர்ப்பக்கம் மெல்லியதாகவும் இருப்பது தெரியும். அழுத்தமான கோடு மண்ணால் எழுப்பிய கரை; மெல்லிய கோடு, மழைக்கேற்ப விரிந்தும் சுருங்கியும் போகும் நீரின் விளிம்பு. கரை எப்போதும் தாழ்ந்த பக்கத்திலேயே போடப்படும் என்பதால், உயரக்கோடு ஒன்றுகூட இல்லாமலே, விற்களின் வளைவை மட்டும் கொண்டு நிலம் எத்திசையில் சரிகிறது என்பதை அறிந்துகொள்ளலாம். ஒரு கண்மாயின் கலுங்கில், அதாவது மிகுதிநீர் வழியும் கல்லணையில், புறப்படும் கோடு அடுத்த கண்மாயில் போய்ச் சேர்வதைத் தொடரும் கண், ஆண்டில் பெரும்பகுதி வறண்டு கிடக்கும் குண்டாற்றின் நாட்டில் ஒவ்வொரு துளியும் எவ்வாறு கணக்கிடப்பட்டது என்பதை உணர்கிறது.

இவ்விரு தாள்களையும் இணைப்பது பருத்தி. இருப்புப்பாதை 1876இல் விருதுபட்டி வழியாகத் தூத்துக்குடியை எட்டிய பின்னரும், அருப்புக்கோட்டை வெகுகாலம் அப்பாதையிலிருந்து விலகியே இருந்ததால், கரிசல் பருத்திக்கு வண்டிச் சாலைகளே வழியாயின. வரைபடத்தில் மெல்லிய கோடாகத் தெரியும் அச்சாலைகளை மனத்தில் கொண்டு பார்த்தால், கண்மாய்க் கரைக்குள் தேங்கிய நீரில் பிழைத்த ஊர்களின் உழைப்பே கடற்கரையில் பொதிகளாக இறங்கியது என்பது விளங்கும்.

தமிழில் கடலின் எல்லைக்கும் கண்மாயின் மேட்டுக்கும் கரை என்ற ஒரே சொல் வழங்குவது இவ்விடத்தில் பொருள் நிறைந்ததாகிறது. 1974இல் செயல்படத் தொடங்கிய புதிய துறைமுகமும், கடலுக்குள் ஏறத்தாழ 4 கிலோமீட்டர் நீளும் அதன் இரு அலைத்தடுப்புச் சுவர்களும் பழைய ஆழ எண்கள் பலவற்றை வரலாறாக்கிவிட்டன. அவற்றை நம்பி இன்று எவரும் கப்பல் செலுத்த இயலாது. கண்மாய்த் தாள் அவ்வாறு காலாவதியாவதில்லை. கண்மாய்க்கு நீர் கொண்டுவரும் வரத்துக்கால் தூர்ந்தோ மறைந்தோ போன ஊரிலும், மழை பெய்தால் நீர் தேடிச் செல்லும் வழி கண்மாயிலிருந்து கண்மாய்க்குச் செல்லும் கோட்டில் இன்னும் பதிந்திருக்கிறது.