டயரும் மீனும் நாகமும்: யூ-டப் மேல் எனக்குள்ள பித்து

சிலருக்கு நடிகர், சிலருக்குக் கிரிக்கெட் அணி. எனக்கு ஒரு பல்கலைக்கழகம். சியாட்டிலில் இருக்கும் வாஷிங்டன் பல்கலைக்கழகத்துக்கு யாராவது ரசிகர் மன்றம் தொடங்கினால் உறுப்பினர் அட்டை வாங்க முதல் ஆளாகப் போய் நிற்பேன். நான் அங்கே படித்தவனில்லை, வேலை பார்ப்பவனும் இல்லை. மென்பொருள் வேலைக்கு இந்த ஊருக்கு வந்து, சனி ஞாயிறுகளில் போக்கிடம் இல்லாமல் அந்த வளாகத்துக்குள் காலார நடக்கப் போனவன். போனவன் போனவன்தான்.

ஊர்க்காரர்கள் செல்லமாக ‘யூ-டப்’ என்பார்கள். 1861-இல் தொடங்கியது. வாஷிங்டன் மாநிலம் என்ற ஒன்று அமெரிக்க ஒன்றியத்தில் சேர்ந்ததே 1889-இல்தான். தலைநகர் வாஷிங்டனோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். இது எதிர்க்கரை, பசிபிக் பக்கம். மார்ச் கடைசியில் செர்ரி மரங்கள் பூக்கும்போது படமெடுக்க ஊரே திரண்டு வரும். வரட்டும். பூ பார்ப்பதற்கும் கொடுப்பினை வேண்டும். ஆனால் என்னைக் கட்டிப்போட்டது பூவில்லை, மீன்.

நான் தூத்துக்குடிக்காரன். மீன் என்றால் காது தானாக நிமிரும். சியாட்டில் வந்த புதிதில் பல்லார்டு மதகுக்குப் போனேன். கடலுக்கும் ஏரிக்கும் இடையே 1917-இல் கட்டிய மதகு அது. பக்கத்திலேயே மீன்கள் ஏறிப்போகப் படிக்கட்டு மாதிரி ஒரு நீர்வழி. அதன் சுவரில் கண்ணாடிச் சன்னல் வைத்திருக்கிறார்கள். இலையுதிர் காலத்தில் போய் நின்றால், கையெட்டும் தூரத்தில் சால்மன்கள் எதிர்நீச்சல் போட்டு ஏறுவதைப் பார்க்கலாம். கோஹோ என்ற வகை சிற்றோடையில் பிறந்து, ஒரு வருடத்துக்கு மேல் அங்கேயே வளர்ந்து, கடலுக்குப் போய்க் கொழுத்து, பிறந்த ஓடைக்கே திரும்பி வந்து முட்டையிட்டுவிட்டுச் சாகும். அந்தச் சாவு இயற்கை. முட்டையிடும் முன்பே செத்தால்?

அதுதான் நடந்துகொண்டிருந்தது. 1990-களில் சியாட்டில் சுற்றுவட்டாரத்தில் பாழாய்ப்போன ஓடைகளைப் பெருஞ்செலவில் சீரமைத்தார்கள். குப்பையை அள்ளி, கரையில் மரம் நட்டு, மீனுக்கு வழி திறந்துவிட்டார்கள். கோஹோக்களும் நன்றியோடு திரும்பி வந்தன. வந்தவை மழை பெய்ததும் வாயைப் பிளந்து, நிலைதடுமாறி, மேலும் கீழுமாகச் சுழன்று, சில மணி நேரத்தில் செத்தன. நகர ஓடைகள் சிலவற்றில், திரும்பி வந்த கோஹோக்களில் 40 முதல் 90 சதவீதம் வரை இப்படி முட்டையிடாமலே மடிந்தன. மேற்கு சியாட்டிலில் லாங்ஃபெல்லோ ஓடை என்று ஒன்று உண்டு. அக்டோபர், நவம்பரில் தன்னார்வலர்கள் கரையோரமாக நடந்து, செத்த மீன்களின் வயிற்றைக் கீறி முட்டை இருக்கிறதா என்று பார்த்துக் குறித்துக்கொள்வார்கள். நானும் போய்ப் பார்த்தேன். சினை பார்த்துப் பழகிய கண்தான் என்னுடையது. ஆனாலும் அந்த ஆரஞ்சு முத்துகள் ஒன்றுகூட உதிராமல் அப்படியே இருந்ததைப் பார்த்தபோது வயிற்றைப் பிசைந்தது.

வெப்பமா, நோயா, ஆக்சிஜன் குறைவா, பூச்சிக்கொல்லியா, உலோகமா? ஒவ்வொன்றாகச் சோதித்து ஒவ்வொன்றாகக் கழித்தார்கள். குற்றவாளி மழைநீரோடு சாலையிலிருந்து வருகிறான் என்பது மட்டும் நிச்சயமானது. இந்த இடத்தில்தான் யூ-டப்பின் டகோமா கிளையில் இருந்த எட்வர்ட் கொலோட்ஜியும் ஜென்யூ தியானும், வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஜெனிஃபர் மெக்கிண்டைரும் வருகிறார்கள். (பெயரில் பாதி ஒன்றுதான், ஆனால் இது வேறு பல்கலைக்கழகம், கால்பந்தில் ஜென்மப் பகை. மீன் விஷயத்தில் மட்டும் பங்காளிகள்.) கொலோட்ஜி மீன்காரர் இல்லை, சுற்றுச்சூழல் பொறியாளர். மெக்கிண்டைர் மீன்காரர். தியான் வேதியியலில் கெட்டிக்காரர். இந்தக் கூட்டணியைத்தான் நான் சொல்லிச் சொல்லிப் பூரிக்கிறேன்.

டயரைத் துகளாக்கி நீரில் ஊறவைத்தார்கள். அந்த நீரில் விட்ட மீன்கள் செத்தன. சரி, டயர்தான். ஆனால் அந்த நீரில் 2,000-க்கும் மேற்பட்ட வேதிப்பொருள்கள்! கலவையைப் பண்பு வாரியாகப் பிரித்து, ஒவ்வொரு பங்கையும் மீன்குஞ்சுகளிடம் சோதித்து, கொல்லும் பங்கை மறுபடி பிரித்து, மறுபடி சோதித்து, கடைசியில் ஒரே ஒரு பொருளில் வந்து நின்றார்கள். மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் என்ற கருவி அதன் வாய்ப்பாட்டைச் சொன்னது: 18 கார்பன், 22 ஹைட்ரஜன், 2 நைட்ரஜன், 2 ஆக்சிஜன். எந்தப் பட்டியலிலும் அப்படி ஒரு பொருள் இல்லை. டயரில் சேர்க்கும் பொருள்களைப் பற்றிய அரசு அறிக்கை ஒன்றைத் தியான் புரட்டியபோது, 6பிபிடி என்ற பொருளின் வாய்ப்பாடு கண்ணில் பட்டது: 18 கார்பன், 24 ஹைட்ரஜன், 2 நைட்ரஜன். கார்பனும் நைட்ரஜனும் அச்சாக அதே எண்ணிக்கை. இரண்டு ஹைட்ரஜன் போய் இரண்டு ஆக்சிஜன் சேர்ந்தால் கொலைகாரன்! இதைப் பற்றிய கட்டுரை ஒன்றை ரயிலில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்த நான் இந்த இடத்தில் வாய்விட்டு “அடடா!” என்றேன். எதிரில் இருந்தவர் ஹெட்போனைக் கழற்றிப் பார்த்தார்.

காற்றிலுள்ள ஓசோன் ரப்பரைத் தாக்கி வெடிப்பு விழச் செய்யும். அதைத் தடுக்கத்தான் பல பத்தாண்டுகளாக டயர்களில் 6பிபிடி சேர்க்கிறார்கள். ரப்பரை முந்திக்கொண்டு அது ஓசோனோடு வினைபுரிந்துவிடும். வீட்டு வாசலில் கட்டுகிற திருஷ்டிப் பூசணி மாதிரிதான். வருகிற கண்ணேற்றையெல்லாம் தான் வாங்கிக்கொள்ளும். பிறகு அதை நடுத்தெருவில் உடைப்போம். அதில் வழுக்கி விழுபவன், சம்பந்தமே இல்லாமல் பைக்கில் வந்த ஒருவன். இங்கே வழுக்கி விழுந்தது கோஹோ. ஓசோனை வாங்கிக்கொண்ட 6பிபிடி, 6பிபிடி-குயினோன் என்ற பொருளாக மாறி, தேய்ந்த டயர்த் துகளோடு சாலையில் கிடந்து, மழையில் ஓடைக்குப் போகிறது. 6பிபிடியை வாங்கி ஓசோனைப் பாய்ச்சிக் குயினோனைத் தாங்களே தயாரித்துப் பார்த்தார்கள். அதிலும் மீன்கள் அதே விதமாகச் செத்தன. 2020 டிசம்பரில் ‘சயின்ஸ்’ இதழ் வெளியிட்டது. 2022-இல் மேலும் துல்லியமாக அளந்தபோது, ஒரு லிட்டர் நீரில் 95 நானோகிராம் இருந்தாலே பாதி மீன்கள் செத்துவிடும் என்று தெரிந்தது. ஒரு கிராமை நூறு கோடிப் பங்காக்கினால் ஒரு பங்குதான் ஒரு நானோகிராம். வேடிக்கை என்னவென்றால், இன்னொரு சால்மன் வகையான சம் அதே நீரில் சொகுசாக நீந்துகிறது. அண்ணனுக்கு நஞ்சு, தம்பிக்கு ஒன்றுமில்லை. ஏன் என்பதற்கான தேடல் தனி ஆராய்ச்சியாகக் கிளைத்துவிட்டது.

கண்டுபிடித்தாயிற்று, தீர்வு என்ன என்று கேட்பீர்கள். ஒன்று வியக்கவைக்கும் அளவுக்கு எளியது. 60 பங்கு மணலும் 40 பங்கு மக்கிய உரமும் கலந்த மண்ணின் வழியாகச் சாலை மழைநீரை வடியவிட்டால், அந்த நீரில் மீன்கள் பிழைத்துக்கொள்கின்றன. குற்றவாளி யாரென்று தெரிவதற்கு முன்பே, 2015-இலேயே இதைக் காட்டிவிட்டார்கள். மற்றது கடினமானது: டயரையே மாற்ற வேண்டும். மாற்றுப் பொருள் தேடும்படி டயர் நிறுவனங்களுக்குக் கலிஃபோர்னியா 2023-இல் விதி போட்டது. யூராக், போர்ட் கேம்பிள் ஸ்கிளாலம், புயாலப் என்ற மூன்று பூர்வகுடிகள் 6பிபிடி குறித்துக் கொடுத்த மனுவை அமெரிக்க மத்திய சுற்றுச்சூழல் முகமையும் அதே ஆண்டு ஏற்றுக்கொண்டது. ஓடுகிற வண்டியின் பாதுகாப்பையும் பார்க்க வேண்டியிருப்பதால் வேலை மெல்லத்தான் நகர்கிறது. என் காரின் டயரைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு குறுகுறுப்பு. என்ன செய்ய, பஸ்ஸுக்கும் டயர்தான்.

ஓடையிலிருந்து கடலுக்கு வருவோம். சாமுவேல் வாஸர் என்ற யூ-டப் உயிரியலாளர், திமிங்கிலத்தின் கழிவை மோப்பம் பிடிக்க நாய்களைப் பழக்கினார். இந்தக் கடற்பகுதிக்கே உரிய ஓர்க்கா திமிங்கிலக் கூட்டம் எழுபத்துச் சொச்சமாகச் சுருங்கிவிட்டது. ஊசி போட்டு ரத்தம் எடுக்க அவை விடுமா? படகு போனாலே மிரளும். ஆகவே டக்கர் என்ற கறுப்பு நாயைப் படகின் முனையில் நிறுத்தினார். ஒரு கடல் மைலுக்கு அப்பால் மிதக்கும் கழிவைக்கூட அது காட்டிக்கொடுத்துவிடும். இதில் அழகு, அந்த நாய்க்குத் தண்ணீர் என்றால் பயம், நீந்தவே நீந்தாது. பெயருக்கேற்ற டக்கர் நாய்! அள்ளிய கழிவிலிருக்கும் ஹார்மோன்களை வைத்து எந்தத் திமிங்கிலம் சினையாயிருக்கிறது, எது பட்டினி, எது பதற்றம் என்றெல்லாம் சொன்னார்கள். 2008 முதல் 2014 வரை கண்டறிந்த கருக்களில் 69 சதவீதம் வரை தங்கவில்லை. முக்கியக் காரணம் இரைப் பஞ்சம் என்று 2017-இல் வெளியிட்டார்கள். இவற்றின் இரை சினூக் சால்மன். டயர் நஞ்சால் சாகும் கோஹோ கதை வேறு, முடிச்சுப் போட வேண்டாம். மறு வருடமே தாலெக்வா என்ற தாய் ஓர்க்கா செத்துப்போன தன் குட்டியைப் பதினேழு நாள் சுமந்து திரிந்தது உலகமே பார்த்த செய்தி. இதே வாஸர்தான் யானைச் சாணத்தின் மரபணுவை வைத்து, கைப்பற்றிய தந்தங்கள் ஆப்பிரிக்காவின் எந்தக் காட்டிலிருந்து வந்தவை என்று கண்டுபிடித்துக் கொடுத்தவர். சாணத்துக்கும் சர்வதேசக் கடத்தல் வழக்குக்கும் பாலம் போட்ட மனிதரை ரசிக்காமல் எப்படி இருப்பது?

அடுத்து, நோபல். 2024-இன் வேதியியல் நோபலில் பாதி டேவிட் பேக்கருக்கு. வேதியியல் பரிசு வாங்கியவர் வேதியியல் துறையிலா இருக்கிறார்? இல்லை, மருத்துவப் பள்ளியின் உயிர்வேதியியல் துறையில். இந்த மாதிரி வேலி தாண்டும் குணம்தான் எனக்கு யூ-டப்பில் பிடித்தது. இயற்கை தராத புரதங்களைக் கணினியில் வரைந்து உண்டாக்குவது பேக்கர் குழுவின் வேலை. 2003-இல் 93 அமினோ அமிலங்களால் ஆன டாப்7 என்ற புரதத்தைச் செய்தார்கள். அந்த மடிப்பு அதுவரை இயற்கையில் யாரும் காணாதது. வளாகத்திலுள்ள புரத வடிவமைப்பு நிறுவனம் 2012-இல் வந்தது. அங்கே வடிவமைத்த புரதப் பந்தின் மேல் கொரோனா கிருமியின் துண்டுகளைப் பதித்து உருவான தடுப்பூசிக்குத் தென்கொரியா 2022 ஜூனில் அனுமதி கொடுத்தது.

இதையெல்லாம் விட, 2025 ஜனவரியில் ‘நேச்சர்’ இதழில் வந்த பாம்பு விஷ ஆய்வுதான் எனக்கு நெருக்கம். மாமல்லபுரம் போகிற வழியில் வடநெம்மேலியில் இருளர் கூட்டுறவுச் சங்கத்தார் பாம்பிடமிருந்து விஷம் எடுப்பதைச் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். 1978 முதல் இயங்கும் சங்கம். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கின் விஷமும் அங்கிருந்து மருந்து நிறுவனங்களுக்குப் போகும். அதைச் சிறுகச் சிறுகக் குதிரைக்கு ஏற்றி, குதிரையின் ரத்தத்திலிருந்து விஷமுறிவு மருந்து எடுப்பார்கள். 1890-களில் ஆல்பர்ட் கால்மெட் வகுத்த வழி. இன்றும் உயிர் காப்பது அதுதான். சுசானா வாஸ்கெஸ் டோரெஸ் என்ற இளம் ஆய்வாளர் பேக்கர் கூடத்தில் குதிரையே இல்லாமல் ஒரு வழி பார்த்தார். நாகம் போன்ற பாம்புகளின் விஷத்தில் உள்ள ‘மூவிரல் நஞ்சு’ புரதங்களைக் கச்சிதமாகக் கவ்விப் பிடிக்கும் குட்டிப் புரதங்களைச் செயற்கை நுண்ணறிவை வைத்து வடிவமைத்தார். கொல்லும் அளவு நஞ்சு ஏற்றிய எலிகளில், அளவையும் நஞ்சின் வகையையும் பொறுத்து, 80 முதல் 100 சதவீதம் பிழைத்தன. நுண்ணுயிர்களிலேயே இப்புரதங்களை வளர்த்தெடுக்கலாம். கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் விஷம் வேறு ரகம், அதற்கு இது போதாது. மனிதர்களிடம் சோதிக்கவும் நாளாகும். ஆகவே யாரையாவது பாம்பு கடித்தால் யூ-டப், ஏஐ என்று பேசிக்கொண்டிருக்காமல் நேரே அரசு மருத்துவமனைக்கு ஓடுங்கள். இருந்தாலும், 2000 முதல் 2019 வரை பன்னிரண்டு லட்சம் பேரைப் பாம்புக்கடிக்குப் பறிகொடுத்ததாக ஆய்வாளர்கள் கணக்கிட்ட நாட்டிலிருந்து வந்தவன், இந்தச் செய்தியைப் படித்துவிட்டு எப்படிச் சும்மா இருப்பது? ஊரிலுள்ள எல்லாருக்கும் வாட்ஸ்அப் அனுப்பினேன். அத்தை மட்டும், “குதிரைக்கு விடுதலையாடா?” என்று திருப்பிக் கேட்டாள்.

கடைசியாக ஒன்று, இது உங்களுக்கு. பேக்கர் கூடமும் யூ-டப்பின் விளையாட்டு ஆய்வு மையமும் சேர்ந்து 2008-இல் ஃபோல்டிட் என்று ஒரு கணினி விளையாட்டை விட்டார்கள். புரதத்தை இழுத்து, திருகி, மடக்கிச் சரியான வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும், அவ்வளவுதான். குரங்குகளைத் தாக்கும் எய்ட்ஸ் வகைக் கிருமி ஒன்றின் நொதியின் வடிவம் பத்தாண்டுக்கும் மேலாக விஞ்ஞானிகளுக்குப் பிடிபடவில்லை. 2011-இல் இந்த விளையாட்டுக்காரர்கள் மூன்றே வாரத்துக்குள் அதைப் பிடித்துவிட்டார்கள். ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் உயிர்வேதியியல் படிக்காதவர்கள். நான் ஆடியிருக்கிறேன், என் மதிப்பெண்ணைச் சொன்னால் யூ-டப்புக்கு அவமானம். வீட்டில் பிளஸ் டூ படிக்கிற பிள்ளை இருந்தால், செல்போனைப் பிடுங்கிவிட்டுக் கணினியில் ஃபோல்டிட்டை இறக்கிக் கொடுங்கள். சேலத்திலிருந்தும் ஆடலாம், செங்கோட்டையிலிருந்தும் ஆடலாம். காசு கிடையாது.