அருளும் கிருபையும்: பேராயர் குலேந்திரனின் நம்பிக்கை வரையறை பற்றிய ஒரு நோக்கு

திருச்சபைத் தலைவர் ஒருவர் தாம் நம்புவது யாது, மதித்துப் போற்றுவது யாது என வரையறுத்துரைக்க முற்படுகையில் அவர்முன் இரு வழிகள் உள்ளன. சபை முன்னரே வகுத்த விசுவாசப் பிரமாணத்தை விளக்கியுரைத்தல் ஒன்று. அயலவர் நம்பிக்கையை நன்கு கற்று, அதனோடு வைத்துத் தமது நம்பிக்கையின் எல்லையைக் காணுதல் மற்றொன்று. பேராயர் சபாபதி குலேந்திரன் மேற்கொண்டது இரண்டாவது வழியாகும். அருட்கோட்பாட்டைக் கிறிஸ்தவத்திலும் இந்து சமயத்திலும் ஒப்புநோக்கி அவர் எழுதிய ஆங்கில நூல் 1964 இல் இலண்டனில் வெளிவந்தது. அந்நூலின் சிறப்பையும், அதன்கண் யான் காணும் ஒரு பெருங்குறையையும் ஈண்டு எடுத்துரைக்க விழைகின்றேன்.

குலேந்திரன் தென்னிந்தியத் திருச்சபையின் யாழ்ப்பாண ஆதீனத்திற்கு 1947 இல் முதற் பேராயரானவர். அவ்வாதீனத்தின் வேர், 1816 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷனில் உள்ளது. பேராயர் என்ற பதவியையே அறியாத சபை மரபு அது. அத்தகைய சபையில் பதவியொன்றே ஒருவருடைய சொல்லுக்கு அதிகாரம் தந்துவிடாது. கற்றுத் தெளிந்து காரணங் காட்டியே பேசவேண்டும். நூலின் நடையில் இம்மனப்பாங்கு தெரிகின்றது. 'நான் நம்புகின்றேன்' என்று அவர் பறைசாற்றுவதில்லை. முதலிற் கிறிஸ்தவ மரபு, அடுத்து இந்து மரபு, பின்னர் ஒப்பீடு என்ற ஒழுங்கிலேயே அவரது நம்பிக்கை வெளிப்படுகின்றது. அயலவரை அவர்தம் சிறந்த நூல்களைக் கொண்டே மதிப்பிடவேண்டும் என்பது அவர் கடைப்பிடித்த நெறி. கண்டன நூல்கள் மலிந்த யாழ்ப்பாணச் சூழலில் இது சிறிய பண்பன்று.

ஆயின் அளவுகோல் எது என்ற வினா எழாமற் போகாது. கிறிஸ்தவக் கோட்பாட்டை முதலில் வகுத்துக்கொண்டு மற்றையதைப் பின்னர் நோக்குவார்க்கு, முன்னையதே அளவுகோலாகிவிடுதல் இயல்பு. பேராயர் ஒருவரிடம் வேறெதை எதிர்பார்ப்பது எனக் கேட்கலாம். அது நியாயமே, நடுநிலைமை என்ற பெயரில் தம் நம்பிக்கையை மறைப்பதைவிட இது நேர்மையானது. யான் கருதும் குறை இதுவன்று.

குறை மொழி பற்றியது. ஆங்கிலத்தில் இருசமயக் கோட்பாட்டிற்கும் ஒரே சொல் போதுமானதாயிற்று. தமிழில் எழுதியிருப்பின், முதற் பக்கத்திலேயே அவர் ஒரு சொல்லைத் தெரிவுசெய்ய வேண்டி நேர்ந்திருக்கும். சீர்திருத்தத் திருச்சபையாரின் தமிழ் வேதாகமம் 'கிருபை' என்கிறது. இரக்கத்தை ஒட்டிய பொருளுடைய வடசொல் அது. 'அருள்' என்று எழுதினாலோ சைவசித்தாந்தம் முழுவதும் அச்சொல்லோடு உடன்வந்துவிடும். சித்தாந்தத்தில் அருள் என்பது இறைவனின் சத்தியே. ஐந்தொழிலுள் மறைத்தலும் அருளின் பாற்பட்டதே. இருவினையொப்பும் மலபரிபாகமும் எய்திய உயிருக்கே சத்திநிபாதம் நிகழும். உமாபதி சிவாசாரியரின் திருவருட்பயன் நூறு குறளில் விளக்குவது இவ்வருளையே. பவுலடியாரோ, மனிதர் பாவிகளாயிருக்கையிலேயே, பக்குவம் ஏதும் எய்துமுன்னரே, அன்பு செலுத்தப்பட்டது என்பார். பக்குவம் முந்தியதா, அருள் முந்தியதா? அப்பக்குவத்தையும் அருளே தருகின்றது எனச் சைவர் விடையிறுப்பின் கிறிஸ்தவர் யாது கூறுவர்? இவ்வினாக்களின் கூர்மையைத் தமிழ்ச் சொற்றெரிவு உடனே வெளிக்கொணர்ந்திருக்கும். கத்தோலிக்கர் 'அருள்' என்றே வழங்குவதையும் நோக்குமிடத்து, இத்தெரிவு கிறிஸ்தவருக்குள்ளேயே முடிந்துபோன காரியமன்று என்பது புலனாகும்.

இக்குறை குலேந்திரனுக்கு மட்டும் உரியதன்று. யாழ்ப்பாணத்தோடு நெருங்கிய தொடர்புடைய மெதடிஸ்தத் தலைவர் டி. ரி. நைல்ஸ், 1957 இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஆற்றி மறு ஆண்டு நூலாக்கிய விரிவுரைகளில், இந்து, முஸ்லிம், பௌத்தர் ஆகியோரின் தடைகளை முன்வைத்தே பிரசங்கியின் பணியை ஆராய்ந்தார். நண்பரின் மறுப்பைத் தம் சிந்தனைக்குத் தூண்டுகோலாக்கிய அம்முறை, குலேந்திரனின் முறையைவிட உயிர்ப்புடையது என்பேன். ஆயினும் மறுப்பைக் கூறுவோர் இங்கிருக்க, மறுமொழி கூறப்பட்டது வேற்றுநாட்டு மண்டபத்தில்.

ஒரு நூற்றாண்டுக்கு முன்னர் நிலைமை வேறு. ஆறுமுக நாவலர் சைவதூஷண பரிகாரத்தை 1854 இல் வெளியிட்டபோது, பூசல் கடுமையாயினும், இருதிறத்தார் வாதமும் தமிழிலேயே நிகழ்ந்தது. திண்ணைப் பள்ளி ஆசிரியரும் உபதேசியாரும் அதனைத் தொடர்ந்து செல்ல இயன்றது. பின்வந்த காலத்தில் பண்பு உயர்ந்தது. கேட்போர் வட்டம் மாறியது. உலகத் திருச்சபையின் செவிக்கு எட்ட ஆங்கிலம் வேண்டியிருந்தது என்பதை மறுக்கவில்லை. கற்றறிந்த சைவர் பலரும் அதனைப் படிக்கவல்லவரே. ஆயினும் பேராயரின் ஆராதனையில் ஞாயிறுதோறும் அமர்ந்திருந்தோரில் எத்தனை பேருக்கு, தம் தலைவர் அயல்வீட்டுத் தேவாரத்தைப் பற்றி எண்ணியது இந்நூல்வழி தெரிந்திருக்கும்?

தமிழில் எழுதும் ஆற்றல் அவர்பால் இல்லாமலில்லை. 1967 இல் வெளிவந்த கிறிஸ்தவ தமிழ் வேதாகமத்தின் வரலாறு அதற்குச் சான்று. சீகன்பால்கு, பப்ரிசியஸ், இரேனியஸ் முதலானோரின் மொழிபெயர்ப்புகளையும், நாவலர் துணைநின்ற பேர்சிவல் பாதிரியாரின் 1850 ஆம் ஆண்டுப் பதிப்பையும் அந்நூல் ஆராய்கின்றது. சொற்றெரிவு என்பது மொழிபெயர்ப்பாளனின் தொல்லை மட்டுமன்று, நம்பிக்கையின் தீர்மானமே என்பதை உணர்தற்கு வேண்டிய கருவிகள் யாவும் அவர் கையில் இருந்தன. மூன்றாண்டு இடைவெளியில் வெளிவந்த இவ்விரு நூல்களையும் அருகருகே வைத்துப் படிப்போர், ஆங்கில நூலின் ஒவ்வோர் அதிகாரத்திலும் 'அருளா, கிருபையா' என்று தாமே எழுதிப் பார்க்கவேண்டியவராகின்றனர்.