கொக்கிளாய்க் கருமணலும் வெசூவியசின் மஞ்சள் படிவும்

இத்தாலியின் வெசூவியஸ் எரிமலையில், சூடான ஆவி வெளியேறும் வெடிப்புகளின் ஓரத்தில், சில காலங்களில் மஞ்சளும் செம்பழுப்புமாக ஒரு மெல்லிய படிவு ஒட்டியிருக்கும். மோலிசைட் என்ற கனிமம் அது. இரும்பணு ஒன்றும் குளோரின் அணு மூன்றும் சேர்ந்தது. உயர்தரத்தில் இரசாயனவியல் படித்தவர்களுக்கு இது பழைய அறிமுகம்தான். பீனோலில் விட்டதும் ஊதா நிறம் காட்டிய பெரிக்குக் குளோரைட்டு இதுவே. ஆய்வுகூடத்துப் போத்தலில் இருக்கும்போது அது இரசாயனப் பொருள்; பூமி தானே ஆக்கி வைத்தால் கனிமம்.

எரிமலைக்கு இதை ஆக்குவது பெரிய காரியமல்ல. இதை வைத்திருக்கத்தான் முடிவதில்லை. காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சியே மோலிசைட் கசிந்து கரைந்துவிடும். ஒரு மழை பெய்தால் படிவு போய், பாறையில் துருக்கறை மட்டும் மிஞ்சும். அதனால்தான் இது அரிய கனிமங்களில் ஒன்றாக எண்ணப்படுகிறது. சேகரித்து வைப்பவர்கள் காற்றுப் புகாத கண்ணாடிக் குழாயில் அடைத்துத்தான் காப்பாற்ற வேண்டும்.

என்னை வியக்கவைப்பது இதன் பயணம். தனி இரும்பை ஆவியாக்க ஏறக்குறைய 2,860 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும். குளோரினோடு சேர்ந்த இரும்போ 315 பாகை அளவிலேயே ஆவியாகிவிடும். எரிமலைக்குள்ளிருந்து வரும் ஐதரசன் குளோரைட்டு வாயு பாறையிலுள்ள இரும்பைப் பற்றிக்கொள்ள, அந்த இரும்பு புகையோடு மேலே வந்து, குளிர்ந்த விளிம்பில் படிகிறது.

இலங்கையின் வடக்கே நமது வன்னியில் எரிமலை இல்லை. நமது அடிப்பாறை 50 கோடி ஆண்டுகளுக்கும் முன்னர் ஆழத்தில் வெந்து உருமாறி, பின்னர் ஆறிப்போனது. ஆனாலும் மோலிசைட்டுக்கு வேண்டிய இரண்டு பொருளும் இங்கே தாராளமாகக் கிடக்கின்றன. குளோரின் ஆனையிறவு உப்பளத்தில் உப்பாக இருக்கிறது. இரும்பு முல்லைத்தீவுக் கரையில் கருமணலாக இருக்கிறது. இதை மனதில் வைத்துக்கொண்டு அந்தக் கரைக்குப் போனால், சும்மா காலில் ஒட்டும் கறுப்பு மணல் வேறொன்றாகத் தெரியத் தொடங்கும்.

முல்லைத்தீவிலிருந்து அளம்பில், செம்மலை, நாயாறு, கொக்குத்தொடுவாய் வழியாகக் கொக்கிளாய்க்குப் போகும் வீதியை எடுங்கள். தை, மாசி நல்ல காலம். மாரியில் வாடைக்காற்றும் அலையும் கரையைப் புரட்டிப்போட்டு, பாரமான மணலை மேலே விட்டுச் சென்றிருக்கும். காலை வெயில் சாய்வாக விழும்போது அலை வந்து திரும்பும் எல்லையைப் பாருங்கள். வெண்மணலுக்கு நடுவே கறுப்பு வரிகள் ஓடும். கடல் தன் சுளகில் மணலைக் கொழித்துப் பிரித்த வரிகள் அவை. படிகம் எனப்படும் வெண்மணி தண்ணீரைவிட 2.65 மடங்கு பாரம். கறுப்பு மணிகளில் பெரும்பகுதியான இல்மனைட் 4.7 மடங்கு. திரும்பும் அலைக்கு வெண்மணியை இழுத்துப்போகும் வலு உண்டு. கறுப்பை நகர்த்த அது போதாது.

ஒரு பிடி கறுப்பு மணலைச் சிரட்டையில் போட்டு, தண்ணீர் விட்டு, சாய்த்துச் சுழற்றுங்கள். வெள்ளை வழிந்து போகும். அடியில் தங்கியதை வெயிலில் காயவைத்து, பத்து மடங்கு பெரிதாக்கும் கைவில்லையில் பாருங்கள். அவசரப்படக் கூடாத இடம் இதுதான். உலோகப் பளபளப்புள்ள கறுப்பு மணி இல்மனைட். இரும்பு, தைத்தேனியம், ஒட்சிசன் மூன்றும் சேர்ந்தது. கருஞ்சிவப்பாக மின்னுவது உரூத்தைல். நிறமில்லாமல் சிறு கண்ணாடிபோல் ஒளிர்வது சேர்க்கன். இளஞ்சிவப்பாக இருந்தால் கார்னெட். சில கறுப்பு மணிகள் மங்கிப் பழுப்பேறி இருக்கும். நீண்ட காலத்தில் இரும்பை இழந்துவரும் இல்மனைட் அவை. பழைய வானொலிப் பெட்டியின் ஒலிபெருக்கிக் காந்தத்தைப் பொலித்தீன் பையில் சுற்றிக் காய்ந்த மணலுக்கு அருகே கொண்டுபோங்கள். துள்ளி ஒட்டுவது மக்னடைட். இல்மனைட்டை இழுக்க அதைவிட வலுவான காந்தம் வேண்டும்.

இப்போது அந்த இல்மனைட் மணி கிடக்கும் இடத்தை எண்ணிப் பாருங்கள். ஒரு லீற்றர் கடல்நீரில் ஏறத்தாழ 19 கிராம் குளோரைட்டு இருக்கிறது. அதில் இரவும் பகலும் தோய்ந்தும் இல்மனைட் தன் இரும்பை இலேசில் விட்டுக்கொடுப்பதில்லை. ஒட்சிசனின் பிடி அவ்வளவு இறுக்கம். வெசூவியசில் ஒரு மழைக்குத் தாங்காத அதே இரும்பு, இங்கே மலை தேய்ந்து, ஆறு உருட்டி, அலை அடித்த பிறகும் மின்னுகிறது. கருமணலின் அழகு எனக்கு இந்த உறுதியில்தான் இருக்கிறது.

இலங்கையின் அடிப்பாறையைப் பகுத்த புவியியலாளர்கள் அதில் ஒரு பெரும் பிரிவுக்கு வன்னித் தொகுதி என்றே பெயரிட்டிருக்கிறார்கள். பாறையைப் படிப்பதும் அழகைப் படிப்பதும் நமக்கு வேறு வேறாக இருந்ததில்லை என்பதற்கு ஆனந்த குமாரசுவாமி சாட்சி. நடராஜர் வடிவத்தின் பொருளை உலகுக்கு எடுத்துச் சொன்ன அவர், அதற்கு முன் 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிம அளவைப் பணியின் இயக்குநராக இருந்தவர்.

இல்மனைட்டில் இரும்பை இறுக்கியிருக்கும் ஒட்சிசனின் பிடியை மனிதர் உடைக்கும் இடமும் உண்டு. தெற்கே புல்மோட்டையில் அரச நிறுவனம் பிரித்தெடுக்கும் இல்மனைட் மூலப்பொருளாகவே கப்பலேறுகிறது. கேரளத்தில் கொல்லத்துக்கு அருகே சவறையில், அதேபோன்ற கடற்கரை இல்மனைட்டை ஐதரோகுளோரிக் அமிலத்தில் வேகவைத்து இரும்பைக் குளோரைட்டாகக் கழற்றுகிறார்கள். மிஞ்சும் தைத்தேனியம் வெள்ளைச் சாயமாகிச் சுவருக்குப் போகிறது. கழன்ற இரும்புக் குளோரைட்டை மீண்டும் சூடாக்கி அமிலத்தை மீட்கும்போது இரும்பு செந்தூளாகக் கழிவில் சேர்கிறது. எரிமலை வாயில் நடக்கும் வேலையின் மறுபக்கம் இது. குளோரினை விட்ட இரும்பு ஒட்சிசனிடம் திரும்பிவிடுகிறது. வன்னிச் செம்மண்ணின் நிறமும் அதே இரும்பு ஒட்சைட்டுகளின் நிறம்தான். ஆகவே கரையிலிருந்து திரும்பும் வழியில் செம்மண் பாதைகளையும் நின்று பாருங்கள்.

இரண்டு விடயங்களைக் கட்டாயம் சொல்ல வேண்டும். மேற்பரப்பில் கிடப்பதை மட்டும் பாருங்கள், எங்கும் தோண்டாதீர்கள். கண்ணிவெடியை எச்சரிக்கும் மண்டையோட்டுப் பலகை கண்ட இடத்துக்குள் கால் வைக்கவே வேண்டாம். 2023-இல் கொக்குத்தொடுவாயில் குடிநீர்க் குழாய் பதிக்கத் தோண்டியபோது மனித எச்சங்கள் வெளிப்பட்டன. போர் முடிந்த முள்ளிவாய்க்கால் கரையிலோ கைவில்லையைப் பைக்குள்ளேயே வைத்துவிடுங்கள். அந்த மணலில் கனிமம் தேடுவது முறையல்ல.

மற்றது, பார்த்து முடிந்ததும் மணலை எடுத்த இடத்திலேயே கொட்டிவிடுங்கள். கொக்கிளாயிலும் மன்னாரிலும் கனிம மணல் அகழ்வை எதிர்த்துக் கரையோர மக்கள் குரல் கொடுத்துவருகிறார்கள். கரைவலை இழுப்பவர்களிடம் நின்று பேசுங்கள். எந்த மாதத்தில் எந்த இடத்தில் கறுப்பு ஏறும் என்பதை எந்தப் புத்தகத்தையும்விட அவர்கள் நன்றாகச் சொல்வார்கள்.