ஜோ கொல்லனின் கதவு

ஆதரவற்ற சிறுவரைப் பற்றிய கதைகள் பெரும்பாலும் அவர்களுக்கு ஓர் இல்லம் கிடைப்பதோடு நிறைவுறுகின்றன. சார்லஸ் டிக்கன்ஸ் 1837 முதல் 1839 வரை தொடராக எழுதிய ‘ஆலிவர் ட்விஸ்ட்’ அத்தகையது. பிரவுன்லோ என்னும் பெரியவர் சிறுவனைத் தம் மகனாக ஏற்கிறார். நாமும் கண்களைத் துடைத்துக்கொண்டு நூலை மூடிவிடுகிறோம். அச்சிறுவன் இருபது வயதில் என்ன ஆனான் என்று கேட்க நமக்குத் தோன்றுவதில்லை. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்து அக்கேள்வியை டிக்கன்ஸே எழுப்பினார். 1860-61இல் வெளிவந்த ‘கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ அதன் விளைவு எனலாம்.

பெற்றோரை இழந்த பிப், தமக்கையின் அடியிலும் அவள் கணவர் ஜோ கார்ஜரியின் அன்பிலும் வளர்கிறான். கொல்லரான ஜோவிடமே தொழில் பழகுகிறான். முகமறியா ஒருவர் அவனைக் கனவானாக்கப் பொருள் தர முன்வருகிறார். பிப் இலண்டன் செல்கிறான். இருபத்தொரு வயது நிறையும் நாளில், காப்பாளரான வழக்கறிஞர் ஜாகர்ஸ் 500 பவுண்டு நோட்டு ஒன்றை அவன் கையில் கொடுக்கிறார். கொடுத்தவர் யார் என்னும் கேள்விக்கு மட்டும் விடையில்லை. பணம் வருகிறது, கடனும் வளர்கிறது.

செல்வச் செருக்கையும் நன்றி மறத்தலையும் சாடும் நாவலாகவே இதனைத் திறனாய்வாளர் பலர் காண்கின்றனர். அது உண்மையே. ஆயினும் இதில் வேறோர் ஆழமும் உண்டு. வாழ்வின் வாசலில் நிற்கும் ஆதரவற்ற இளைஞனுக்குத் தேவை எது? கைதியான மாக்விச் பணம் அனுப்புகிறான், அருகில் இல்லை. ஜாகர்ஸ் சட்டப்படி காக்கிறார்; நெஞ்சில் ஈரமில்லை. ஜோ ஒரு தொழிலைத் தருகிறார். விடுவிக்க ஈட்டுத்தொகை வேண்டுமா என்று கேட்டபோது மறுத்து, பிள்ளையைப் போகவும் விடுகிறார். பிப் நோயில் வீழ்ந்து கடனுக்காகச் சிறைப்படும் நிலையில், வந்து பணிவிடை செய்து, கடனை அடைத்து, நன்றிச்சொல் கேட்கக் காத்திராமல் திரும்புகிறார். அவரது முழுப்பெயர் ஜோசப் என்பதைக் காணும் கத்தோலிக்க வாசகருக்கு நாசரேத்தின் தச்சர் நினைவுக்கு வராமல் இரார்.

எனினும் ஜோவை டிக்கன்ஸ் அளவுக்கு மீறிப் போற்றிவிட்டார் என்றே தோன்றுகிறது. இலண்டனில் பிப்பின் கூச்சத்தைக் கண்டதும் ஜோ ஒதுங்கிக்கொள்கிறார். ஆசிரியர் அதனைப் பெருந்தன்மையாகத் தீட்டுகிறார். ஆனால், கடனில் மூழ்கிக்கொண்டிருந்த இளைஞனுக்கு, நோய் வரும்வரை காத்திராமல், அழையாமலே வந்து கதவைத் தட்டும் ஒருவர் தேவைப்பட்டார். எஸ்டெல்லாவுக்கோ ஜோவைப் போன்ற ஒருவர்கூட இல்லை. அவள் ஒரு முரடனுக்கு மனைவியாகிறாள். இல்லத்தை விட்டு வெளியேறும் பெண்பிள்ளைக்குத் திருமணமே போதுமான பாதுகாப்பு என்று கருதுவோர் இப்பகுதியை மீண்டும் படிப்பது நன்று.

இந்நாவல் நமக்கு அயலானது அன்று. காஞ்சிபுரத்துப் பட்டுத் தறிகளில் முன்பணத்துக்குக் கட்டுண்டு உழைத்த சிறுவர்களை ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு 2003ஆம் ஆண்டு அறிக்கையில் பதிவு செய்தது. தொழில் பழகுதல் என்னும் ஒரே பெயரில் வாழ்வும் நடக்கும், அடிமைத்தனமும் நடக்கும். பிள்ளையின் பக்கம் நின்று பேச ஒருவர் உண்டா என்பதே இரண்டையும் பிரிக்கும் கோடு. டிக்கன்ஸின் காலத்திலேயே தூரின் நகரில் புனித தொன் போஸ்கோ இதனை உணர்ந்திருந்தார். தச்சு பழகச் சென்ற ஓர் இளைஞனுக்காக 1852இல் எழுதப்பட்ட ஒப்பந்தத்தில் அவரும் கையொப்பமிட்டார். அடித்தல் கூடாது, சொல்லால் மட்டுமே திருத்த வேண்டும், ஞாயிறும் திருநாளும் ஓய்வு என்பன அதன் நிபந்தனைகள்.

நம் நாட்டின் 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம், பதினெட்டு வயது முடிந்து இல்லத்தை விட்டு வெளியேறுவோருக்கு இருபத்தொரு வயதுவரை பிற்காப்பு உதவி பற்றிப் பேசுகிறது. ஆனால் நிதியுதவி ‘வழங்கப்படலாம்’ என்றே அதன் 46ஆம் பிரிவு கூறுகிறது. ‘வழங்கப்பட வேண்டும்’ என்று கூறவில்லை. அந்த உதவி கிடைத்தாலும் அது ஜாகர்ஸ் நீட்டிய நோட்டைப் போன்றதே. வாடகைக்கு அறை கேட்கும்போது ‘உனக்கு யார் இருக்கிறார்கள்?’ என்னும் கேள்விக்குப் பணத்தாள் விடை சொல்லாது. பண்டிகை விடுமுறையில் விடுதி பூட்டப்படும்போது எங்கே போவது என்பதற்கும் அதனிடம் விடையில்லை.

காஞ்சிபுரத்துக்கு மேற்கே உள்ள திருப்புட்குழி, சடாயுவுக்கு இராமர் ஈமக்கடன் செய்த இடமாக வைணவ மரபில் போற்றப்படுகிறது. பெயரிலேயே புள்ளும் குழியும் நிற்கின்றன. பெறாத தந்தைக்கு மகனாக நிற்பது பெருமை என்று இம்மண் நெடுங்காலமாகச் சொல்லி வந்திருக்கிறது. அவ்வாறெனில், பெறாத பிள்ளைக்குத் தாயாக, தந்தையாக நிற்பது நமக்கு அரிதாவானேன்? இன்று அவ்வூரை அடுத்த நெடுஞ்சாலை வழியே திருப்பெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளுக்கு இளைஞர்கள் வேலை தேடிச் செல்கின்றனர். அவர்களுள் யாருமற்றவர் யார் என்று நம் பங்குகளும் அன்பியங்களும் அறிந்திருக்கின்றனவா?

திருச்சபையில் ஞானப்பெற்றோர் என்னும் அழகிய உறவு உண்டு. நம்மிடையே அது திருமுழுக்கு நாளின் புத்தாடையோடும் புகைப்படத்தோடும் முடிந்துவிடுகிறது. அவ்வுறவின் பொருளை விரித்து, இல்லத்தை விட்டு வெளியேறும் ஒவ்வோர் இளைஞருக்கும், அவர் எச்சமயத்தவராயினும், ஒரு குடும்பம் துணைநின்றால் என்ன? முதல் சம்பளத்தைக் காட்ட ஒரு வீடு, காய்ச்சலில் கஞ்சி வைக்க ஒரு கை, தவறு செய்தாலும் திரும்பி வரத் திறந்திருக்கும் ஒரு கதவு: இவற்றுக்குப் பெருநிதி வேண்டியதில்லை.

நாவலின் இறுதியில் பிப்பை நிலைநிறுத்துவது மாக்விச்சின் செல்வம் அன்று. நண்பன் ஹெர்பர்ட்டுக்காக அவன் மறைவாகத் தேடித்தந்த வணிகப் பங்கே பின்னர் அவனுக்கும் பிழைப்பாகிறது. துணை பெற்றவனே பிறருக்கும் துணையாவான் என்பதை டிக்கன்ஸ் இங்கே உணர்த்திவிடுகிறார். பிப்பைத் தேடி ஜோ தாமதமாகவே வந்தார். நாம் அதற்கு முன்பே செல்லலாம்.