கள்ளுக்கடையும் வேள்விச்சாலையும்

காஞ்சிபுரத்துக் கள்ளுக்கடை ஒன்றின் முன் நிற்கிறான், மண்டையோட்டில் பிச்சையேற்கும் சைவத் துறவியான கபாலி. அவன் கண்ணுக்கு அது வேள்விச்சாலை: நட்ட கம்பம் வேள்வித்தூணான யூபம், கள் சோமரசம், குடிகாரர்கள் வேள்வி செய்யும் அந்தணர்கள், அவர்களின் உளறல் யஜுர் மந்திரம். 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் வடமொழியில் எழுதிய ‘மத்தவிலாசப் பிரகசனம்’ என்ற எள்ளல் நாடகத்தின் காட்சி இது. நாய் கவ்விப்போன தன் மண்டையோட்டுப் பாத்திரத்துக்காகக் குற்றமற்ற பௌத்தத் துறவி நாகசேனன்மேல் திருட்டுப்பழி போட்டு மல்லுக்கு நிற்பவன் இந்தக் கபாலி. இருந்தும் அவனை வெறுக்க மனம் வருவதில்லை. வேள்விச் சொல்லைக் கள்ளுக்குச் சூட்டும் அவன் குறும்பு புரிந்து சிரித்த கணமே நாம் அவன் கூட்டாளி ஆகிவிடுகிறோம்.

1962இல் வெளிவந்த ஆந்தனி பர்ஜஸின் ‘எ கிளாக்வொர்க் ஆரஞ்ச்’ நாவல், தீயவன் தன் சொல்லாலேயே நம்மைக் கூட்டாளியாக்கும் இந்த உத்தியை அதன் எல்லைவரை கொண்டுபோகிறது. அடிதடியிலும் வன்புணர்விலும் திளைக்கும் அலெக்ஸ், ரஷ்யச் சொற்களை உருமாற்றிப் புனைந்த ‘நாட்சாட்’ கொச்சையில் தன் கதையைத் தானே சொல்கிறான். இதில் பெரிய நன்மை உண்டு. புரியாத சொல் திரையாக நிற்பதால் வன்முறை வாசகருக்குத் தீனியாவதில்லை. அரசு அவன் மனத்தை மருந்தால் முடக்கும்போது, கொடியவனுக்கும் இழைக்கக் கூடாத அநீதி உண்டு என்று உணர்கிறோம். வேறு யார் சொல்லியிருந்தாலும் ‘அவனுக்கு இது வேண்டும்’ என்று கடந்திருப்போம். ஆனால் அதே திரை, அடிபட்டவரின் வலியையும் மறைக்கிறது. அந்த வலிகூட அவன் சொல்லில்தான் நம்மை வந்தடைகிறது. வாசகர் ஏமாளி அல்லர், வில்லனை வில்லன் என்றே அறிவார் என்பார்கள். அறிவார்தான். ஆனால் பரிவு அறிவைக் கேட்டு வருவதல்ல, பழக்கத்தில் வருவது. ஒருவன் மொழியைப் பக்கம் பக்கமாகக் கற்ற பிறகு அவன் ஆளாகாமல் இருப்பது கடினம்.

ஆகவே, வில்லனுக்குக் குரல் கொடுப்பது குற்றமல்ல, அவனுக்கு மட்டும் கொடுப்பதே குறை. மகேந்திரவர்மன் நாகசேனனையும் தனிமொழி பேச வைக்கிறான்: மதுவையும் மங்கையையும் அனுமதித்த மூலநூலைக் கிழட்டுத் துறவிகள் மறைத்துவிட்டார்களோ என்று அவர் ஏங்குகிறார். பழிசுமந்தவரும் நமக்கு மனிதராகிறார். ஜெயமோகனின் ‘ஏழாம் உலகம்’ (2003) தன்மையில் சொல்லப்பட்டதல்ல, ஆனாலும் இங்கே பொருந்தும். உடல் குறையுள்ள பிச்சைக்காரர்களை வைத்துப் பிழைக்கும் பண்டாரம், மகள்களுக்காக உருகும் தகப்பன். அந்தப் பாசத்தோடு ஒட்டவிடாமல் நம்மைத் தடுப்பது அந்தப் பிச்சைக்காரர்களை அவர் தொழில் அழைக்கும் ‘உருப்படி’ என்ற ஒரு சொல். அந்த உருப்படிகள் தங்களுக்குள் கேலி பேசிச் சிரிப்பதையும் நாம் கேட்டுவிட்டோம். அதன்பின் அந்தச் சொல் எந்தக் கொடுமையையும் மூடுவதில்லை, காட்டிக்கொடுக்கிறது.