நிற்கும் நீர், ஓடும் நீர்

பொருளாதார சாஸ்திரத்தில் பௌதிகம் புகுந்த கதையை ரசிக்கக் கணிதப் பாண்டித்தியம் வேண்டும் என்று யாரோ கிளப்பிவிட்ட புரளியை நம்பி, நல்ல வாசகர்கள்கூட வாசலோடு திரும்பிவிடுவதைக் காண எனக்கு ஆத்திரம் பொங்குகிறது. அரிச்சுவடி இவ்வளவுதான்: 1871-இல் ஜெவன்ஸ் பண்டமாற்றை நெம்புகோலின் கணக்கில் அடக்கினார், 1900-இல் பாரிஸ் சந்தை விலைகளின் தள்ளாட்டத்துக்குப் பஷேலியே எழுதிய கணிதம், துகள்களின் தள்ளாட்டத்துக்கு ஐன்ஸ்டைன் எழுதியதற்கு ஐந்தாண்டு முந்தியது.

இனி, ரசிகன் அவசியம் கற்க வேண்டிய பேதத்துக்கு வருவோம். யேல் சர்வகலாசாலையில் பௌதிக மேதை கிப்ஸிடம் பயின்ற இர்விங் ஃபிஷர், 1892-இல் வெளியான தம் ஆராய்ச்சியில் விவரித்த யந்திரத்தில், ஒரு பெருந்தொட்டியின் நீரில் ஆளுக்கும் பண்டத்துக்குமாகச் சிறு பாத்திரங்கள் மிதக்கின்றன. நெம்புகோல்கள் அவற்றைப் பிணைத்திருப்பதால், ஓரிடத்தில் நீரைக் கூட்டினால் எல்லா மட்டங்களும் ஏறி இறங்கி, கடைசியில் அசைவற்று நிற்கும் அந்த நிலையே விலைகளின் சமநிலை. 1949-இல் லண்டன் பொருளாதாரப் பள்ளியில் நியூசிலாந்துக்காரரான பில் பிலிப்ஸ் காட்டிய யந்திரத்திலும் நீர்தான். ஆனால் வரியாகவும் சேமிப்பாகவும் இறக்குமதியாகவும் வடிவதும், அரசாங்கச் செலவாகவும் முதலீடாகவும் ஏற்றுமதியாகவும் வந்து சேர்வதும் ஈடாகும்வரைதான் அங்கே மட்டம் நிலைக்கும். பம்பு நின்றால் தேசமே நின்றுபோகும். முன்னதில் ஓய்வே சமநிலை, பின்னதில் ஓயாமையே சமநிலை. முன்னதில் காலத்துக்கு வேலையில்லை. பின்னதிலோ வரியைக் குறைத்த பலன் குழாய்களைக் கடந்துவர நேரம் பிடிக்க, அந்தத் தாமதத்தை ஒரு பேனா காகிதத்தில் கோடாக இழுத்துக்கொண்டே போகிறது. எந்த நூலை எடுத்தாலும், இதில் இருப்பது எந்த நீர் என்று கேளுங்கள்; பாதி நூல் விளங்கிவிடும்.

இதைக் கேளாமல், பௌதிகத்தின்மேல் பொருளாதாரத்துக்குப் பொறாமை என்ற ஒற்றை வாக்கியத்தை வைத்துக் காலம் தள்ளும் விமர்சகர்களும், சந்தை சற்றே ஆடினால் க்வாண்டம் என்று முழங்கும் புதுமோஸ்தர்க்காரர்களும் ஒரே சோம்பலின் இரு முகங்கள்.

நமக்குள் இருக்கட்டும்: ஓடும் நீரே உண்மைக்கு அணுக்கம் என்பதில் எனக்கு ஐயமில்லை, 1929 அக்டோபரில், வீழ்ச்சிக்குச் சில நாள் முன்பு, பங்கு விலைகள் நிரந்தரமான உயர்மட்டத்தை எட்டிவிட்டதாகச் சொன்னவர் சாட்சாத் ஃபிஷரேதான். இருந்தும் ரசனை என்று வந்தால் என் ஓட்டு அவருக்கே. பிலிப்ஸின் தேசம் முழுதும் ஒரே வருமானமாகக் கரைந்துவிட, ஃபிஷரின் தொட்டியில்தான் ஒவ்வொரு மனிதனுக்கும் சொந்தமாக ஒரு பாத்திரம் இருக்கிறது.